விலா எலும்பும் வீச்சரிவாளும்

என் சகோதரியின் மகன் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறான். கணக்குப்பிள்ளைகள் வைத்திருப்பார்களே, தடித்த அட்டை போட்ட நீள நோட்டு, அந்த ஜாதி. அதில் அவன் எழுதுவது வரவு செலவல்ல. சினிமாக்காரர்கள் செய்த தவறுகளை எழுதுகிறான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை என் மேஜைமேல் வைத்துவிட்டு, பரீட்சைத்தாளை நீட்டிய மாணவனைப்போல் எதிரே உட்கார்ந்துகொண்டான்.

“இருநூத்திப் பதினொண்ணு மாமா. எல்லாம் நானே கண்டுபிடிச்சது.”

புரட்டிப் பார்த்தேன். கதாநாயகியின் கையிலுள்ள கிளாஸில் முதலில் பாதி டீ. அவள் ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் அது முக்கால் கிளாஸாகிவிட்டது. வில்லனின் மோதிரம் சண்டைக்கு முன் வலது கையில். சண்டைக்குப் பின் இடது கையில். கோர்ட்டு ஸீனில் கடிகாரம் பத்தே காலிலேயே நிற்கிறது. வக்கீல் மட்டும் அரைமணி நேரம் பேசுகிறார். இப்படியே பக்கம் பக்கமாக. கையெழுத்து அழகாக இருந்தது. பையனின் கண்ணும் கூர்மையான கண்தான். கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்கூடத்தில் தரம் பார்க்கிற வேலை அவனுக்கு. நாள் முழுவதும் பிசிறுள்ள சாமான்களைப் பொறுக்கி ஒதுக்கிவைக்கிற கண், வீட்டுக்கு வந்த பிறகும் ஓய்வெடுக்க மறுக்கிறது.

“எப்படி இருக்கு மாமா? இதுவும் விமரிசனந்தானே?”

இல்லை என்றேன். இல்லை என்பதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். இந்த நோட்டு ஒரு பொய்க்குக் காவல் நிற்கிற நோட்டு என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். பையன் முகம் சுண்டிப்போயிற்று. ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை அவனுக்கும், அவனைப்போல் நோட்டு வைத்திருக்கிற மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டிய கடமை எனக்கு உண்டு.

இவன் சொல்லுகிற தவறுகள் எப்படி நேருகின்றன என்பது சினிமாவின் வாசற்படியை மிதித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். கதையின் வரிசைப்படி யாரும் படம் எடுப்பதில்லை. கதாநாயகன் கதவைத் திறந்து வெளியே போவதை ஆனி மாதத்திலும், அதே கதவுக்கு அந்தப் பக்கம் அவன் வந்து நிற்பதை ஐப்பசியிலும் எடுப்பார்கள். நடுவில் அவனுக்கு முடி வளரும், உடம்பு இளைக்கும், சட்டை வெளுக்கும். இதையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்வதற்கென்றே ஓர் உதவி டைரக்டர் உண்டு. எந்தக் கையில் வாட்ச், எத்தனை பட்டன் திறந்திருந்தது என்று முன்பு நோட்டில் எழுதினான். இப்போது போனில் படம் பிடித்துக்கொள்ளுகிறான். கன்டினியூட்டி என்பது அந்தத் தொழிலில் இதற்குப் பெயர். சாப்பாடு தவறி, தூக்கம் கெட்டு, நாற்பது பேர் கத்துகிற இடத்தில் நிற்கிற அந்தப் பிள்ளை ஒரு மோதிரத்தை மறந்துவிட்டால், அது கலைக்கு நேர்ந்த துரோகமா?

தமிழ்ப் படங்களோடு பையன் திருப்தியடையவில்லை. நோட்டின் பின்பகுதி முழுவதும் அமெரிக்காவிலிருந்து வருகிற ஒரு கார்ட்டூன் தொடருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. ‘ஸிம்ப்ஸன்ஸ்’ என்று பெயர். வாசகர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் நிற மனிதர்கள். ஒரு சாதாரணக் குடும்பம். அமெரிக்கர்கள் புனிதமென்று நினைக்கிற அத்தனையையும் — சினிமா, பாட்டு, அரசியல், டெலிவிஷன் எல்லாவற்றையும் — காப்பியடித்துக் காட்டியே கேலி செய்வது அதன் தொழில். 1989 டிசம்பரில் அது தொடங்கியபோது அந்த வீட்டுப் பையன் பார்ட்டுக்கு வயது பத்து. இன்றைக்கும் பத்து. 1991ல் வந்த கதையில், அவனுடைய அப்பாவும் அம்மாவும் 1974ல் பள்ளிக்கூடத்தில் காதலித்தவர்கள். 2008ல் வந்த கதையிலோ அவர்கள் தொண்ணூறுகளில் கல்யாணமாகாத இளஞ்ஜோடி! பையனுக்கு வயது ஏறவில்லை. ஆகவே பெற்றோரின் இளமையை இழுத்து முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். என் மருமகன் இதைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறான்.

வேடிக்கை என்னவென்றால், இவனைப்போன்ற ரஸிகர்கள் தமக்கு வாய்ப்பார்கள் என்று அந்தத் தொடரை எழுதியவர்களுக்கே தெரியும். 1997 பிப்ரவரியில் வந்த ஒரு கதையில் இவர்களையே மேடையேற்றிவிட்டார்கள். அந்தக் கதைக்குள் ஒரு பூனை–எலிக் கார்ட்டூன் வருகிறது. பூனையின் விலா எலும்புகளை எலி வாத்தியமாக வைத்துத் தட்டுகிறது. ஒரு ரஸிகன் எழுந்து முறையிடுகிறான்: எலி ஒரே எலும்பை இரண்டு முறை தட்டியது, ஆனால் வந்தது இரண்டு வெவ்வேறு ஸ்வரம். இது எப்படி என்று! கதையை எழுதியவர்கள் அன்றைக்கு எவ்வளவு சிரித்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். பையனுக்கு அந்தக் கதை தெரியும். அவனும் சிரித்திருக்கிறான். சிரித்துவிட்டு நோட்டைத் தொடர்ந்திருக்கிறான்.

அதே தொடரில் ஓர் இந்தியன் வருகிறான், மளிகைக் கடைக்காரன். பெயர் அபு நஹஸபீமபெடிலான். எந்த ஊர்ப் பெயர் இது? கல்கத்தாவில் படித்தவன் என்று கதை சொல்லுகிறது. வங்காளியிடம் கேளுங்கள், தெலுங்கரிடம் கேளுங்கள், நம் இலக்கணப் பண்டிதர் யாரிடமாவது கேளுங்கள். இந்தியாவின் எந்த பாஷையிலும் இப்படி ஒரு குலப்பெயர் கிடையாது. நம் பெயர்கள் வெள்ளைக்காரன் காதுக்கு எப்படி விழுகின்றனவோ அந்தச் சப்தத்தை எடுத்துச் சதை வைத்து உலவவிட்டிருக்கிறார்கள். குரல் கொடுத்தவர் ஹாங்க் அஸாரியா என்ற வெள்ளை நடிகர். 1990ல் வந்தான் அபு. தெலுங்குப் பெற்றோருக்குப் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்த ஹரி கொண்டபோலு என்ற ஹாஸ்ய நடிகர், அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டு எத்தனை இந்தியக் குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் கூனிக் குறுகினார்கள் என்பதை 2017ல் ஒரு டாகுமென்டரியாகவே எடுத்துக் காட்டினார். அதன் பிறகுதான் விஷயம் சூடு பிடித்தது. 2020ல் அந்த நடிகர் இனி அந்தக் குரலைக் கொடுப்பதில்லை என்று விலகிக்கொண்டார். பிற்பாடு மன்னிப்பும் கேட்டார்.

இப்போது என் மருமகனுடைய நோட்டுக்கு வாருங்கள். அந்தத் தொடரைப் பற்றி மட்டும் அதில் 64 குறைகள் இருக்கின்றன. சுவரிலுள்ள படம் சாய்ந்தது இருக்கிறது. காரின் நிறம் மாறியது இருக்கிறது. அபுவின் பெயர் இல்லை. எலும்பின் ஸ்வரம் கேட்கிற காதுக்குத் தன் ஊர் மனிதனின் பெயர் கேட்கவில்லை. நான் பொய்க்குக் காவல் என்று சொன்னது இதைத்தான். இருநூறு சில்லறைத் தவறுகளைக் கண்டுபிடித்தவனுக்கு, படத்தை முழுவதும் சோதித்துவிட்டோம் என்ற திருப்தி வந்துவிடுகிறது. மிச்சமெல்லாம் சரக்கு சுத்தம் என்று முத்திரை குத்தி அனுப்பிவிடுகிறான்.

இந்த மதுரை மண்ணில் நின்றுகொண்டு குற்றம் கண்டுபிடிப்பதைப் பழிக்க எனக்கு என்ன தைரியம் என்று கேட்கலாம். நக்கீரன் வாழ்ந்த ஊரல்லவா! சிவபெருமானே எழுதிக் கொடுத்த பாட்டில் குற்றம் பிடித்தவர் அவர் என்பது நம் கதை. 1965ல் ஏ.பி. நாகராஜன் ‘திருவிளையாடல்’ எடுத்தபோது தருமியாக வந்த நாகேஷுக்குக் கிடைத்த கைதட்டல் சிவாஜிக்குக் கிடைத்ததற்குக் குறைந்ததல்ல. ஆனால் நக்கீரன் பிடித்த குற்றம் எது? எழுத்துப் பிழையா? சீர் தளை தட்டியதா? இல்லை. பெண்களின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்பது வழக்கு. நீ சொல்வது உலகத்தில் உண்மையா என்று கேட்டார். அதற்குப் பெயர் பொருட்குற்றம். சொற்குற்றம் வேறு, பொருட்குற்றம் வேறு என்று பிரித்துப் பார்த்த ஊர் இது. நெற்றிக்கண்ணுக்கு முன்னால் நின்றது ஒரு மோதிரம் கை மாறியதற்காகவா?

சரி, தமிழ்ப் படங்களின் பொருட்குற்றம் எது?

என் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் நாற்கரச் சாலை தெரியும். கப்பலூர் என்று பெயர். கப்பலுக்கும் எங்களுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. கண்ணுக்கெட்டிய வரையில் பொட்டல், கருவேலம், அப்பால் தொழிற்கூடங்களின் தகரக் கூரைகள். காலை ஷிப்டுக்கு ஸைக்கிளிலும் மொபெட்டிலும் வேன்களிலும் ஜனங்கள் வந்து இறங்குவார்கள். தூக்குவாளியும் கையுமாகப் பெண்பிள்ளைகள் அணியணியாகப் போவார்கள். சற்றுத் தள்ளிச் சுங்கச்சாவடி. எங்கள் பக்கத்துக் கோபமெல்லாம் பல வருஷங்களாக அந்தச் சாவடியின்மீதுதான். பக்கத்திலிருக்கிற திருமங்கலத்துக்காரன் தன் ஊருக்குள் போய்வரவே பணம் கட்ட வேண்டுமா என்று மறியல், கடையடைப்பு, மனு எல்லாம் நடந்தாயிற்று. இது மதுரைச் சீமை. இந்த மதுரையைச் சினிமாவில் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. நான் பார்த்த மதுரையில் டாட்டா சுமோக்கள் வரிசையாக வரும். கதவுகள் ஒரே சமயத்தில் திறக்கும். முதுகுப்புறம் சட்டைக்குள்ளிருந்து வீச்சரிவாள் வெளியே வரும்.

இந்த அரிவாள் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு சரித்திரம் சொல்லுகிறேன். 2003ல் தெலுங்கில் ‘ஒக்கடு’ என்று ஒரு படம் வந்தது. கர்நூல் பட்டணம், அங்கே கோஷ்டிச் சண்டைக்காரன் ஒருவன், அவன் பிடியிலிருந்து ஒரு பெண்ணை, கபடி விளையாடப் போன வாலிபன் மீட்டு வருகிறான். ராயலசீமையின் கோஷ்டிப் பகையை வைத்துத் தெலுங்கில் தனியாக ஒரு படவரிசையே உண்டு. இது அதில் ஒன்று. மறுவருஷம், 2004ல், தரணி அதைத் தமிழில் ‘கில்லி’ என்று எடுத்தார். கர்நூலைத் துடைத்துவிட்டு மதுரை என்று எழுதினார்கள். ஓபுல் ரெட்டி முத்துப்பாண்டி ஆனான். இரண்டிலும் நடித்தவர் அதே பிரகாஷ்ராஜ்! ஆந்திர தேசத்தின் ஒரு மூலையில் விளைந்த பகையை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து மீனாட்சியம்மன் கோயில் பக்கத்தில் இறக்கிவைத்தார்கள். சட்டை பட்டனைப் பற்றிய குறிப்பு என் மருமகன் நோட்டில் இருக்கிறது. ஊரே மாறிப்போன குறிப்பு இல்லை.

மதுரையில் கொலையே நடப்பதில்லை என்று வாதிக்க நான் வரவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளே இந்தப் பிம்பத்துக்குக் கை கொடுத்தவர்கள் என்பதும் எனக்குத் தெரியும். 2008ல் வந்த சசிகுமாரின் ‘சுப்பிரமணியபுரம்’ நல்ல படம். 1980ஐக் கொண்டுவர அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பெல்பாட்டத்திலிருந்து கொட்டகையில் ஓடுகிற ‘முரட்டுக்காளை’ வரைக்கும் பார்த்துப் பார்த்து வைத்தார்கள். அதில் கத்திக்குப் பின்னால் ஒரு துரோகம் இருந்தது. துரோகத்துக்குப் பின்னால் வேலையில்லாத வாலிபம் இருந்தது. பின்னால் வந்தவர்கள் தாடியையும் கத்தியையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? எங்கள் வீட்டிலேயே உண்டு. ஐந்து வருஷத்துக்கு முன் இதே மருமகன் சென்னைக்கு ஓர் உத்தியோகப் பேட்டிக்குப் போனான். எந்த ஊர் என்றார்கள். மதுரைப் பக்கம் என்றான். “அரிவாளை வெளியிலேயே வைத்துவிட்டு வந்தீர்களா?” என்று ஒருவர் கேட்க, மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த மூவரும் சிரித்தார்களாம். இவனும் சேர்ந்து சிரித்தானாம். வேலை கிடைக்கவில்லை. அதற்குக் காரணம் அந்த அரிவாள்தான் என்று நான் சாதிக்கமாட்டேன். வீட்டுக்கு வந்து இதைப் பெரிய ஹாஸ்யமாகச் சொல்லித் தன் தாயாரையும் சிரிக்க வைத்தான். அன்றைக்கு ராத்திரி என் சகோதரி என்னிடம் வந்து, “அண்ணே, அவன் சிரிச்சான், ஆனா சாப்பிடலை” என்றாள்.

பொருட்குற்றம் பிடித்த நக்கீரர்கள் சினிமாவில் யார் என்றால், படித்த விமரிசகர்கள் முகஞ்சுளிக்கிற பதிலைத்தான் சொல்லப் போகிறேன். நையாண்டிக்காரர்கள். விஜய் டி.வி.யில் ‘லொள்ளு சபா’ வந்ததே, சந்தானம் முதலானவர்கள் கைக்காசில்லாத செட்டில் பெரிய படங்களையெல்லாம் பொம்மலாட்டம் ஆக்கினார்களே, அவர்கள். வெள்ளைக்காரன் காலத்துப் பாளையக்காரனுக்கு அக்காமாலா, கப்ஸி என்று பானம் ஊற்றிக் கொடுத்த சிம்புதேவனின் ‘இம்சை அரசன் 23ம் புலிகேசி’ (2006). சி.எஸ். அமுதன் 2010ல் எடுத்த ‘தமிழ்ப்படம்’. புலிகேசியின் பானம் என் மருமகனுடைய நோட்டில் 17வது தவறாகப் பதிவாகியிருக்கிறது என்பதை இங்கே வேதனையோடு தெரிவித்துக்கொள்ளுகிறேன்!

‘தமிழ்ப்படம்’ செய்த காரியத்தைப் பாருங்கள். சிறுவன் பெரியவனாக வேண்டும். ஸைக்கிள் பெடலைச் சுற்றுகிறான், வளர்ந்துவிடுகிறான். ஏழை பணக்காரனாக வேண்டும்; ஒரு பாட்டு முடிவதற்குள் ஆகிவிடுகிறான். 1992ல் ‘அண்ணாமலை’யில் பால்காரர் ஒரு பாட்டுக்குள் கோடீஸ்வரரானபோது நாம் கைதட்டினோம், தவறென்று யாரும் எழுதிவைக்கவில்லை. ஏனென்றால் அது ஒரு படத்தின் கவனப் பிசகல்ல. எல்லாப் படங்களும் சேர்ந்து வளர்த்த ஒரு நம்பிக்கை. உழைப்புக்கும் செல்வத்துக்கும் நடுவிலுள்ள இருபது வருஷத்தை, வட்டியை, நோயை, தோல்வியை ஐந்து நிமிஷத்தில் விழுங்குகிற நம்பிக்கை. அதை நோட்டுப் போட்டுப் பிடிக்க முடியாது. திரும்ப நடித்துக் காட்டித்தான் பிடிக்க முடியும். ஒரு படத்தை மட்டும் பார்க்கிறவன் மோதிரத்தைப் பார்ப்பான். ஐம்பது படத்தைச் சேர்த்துப் பார்க்கிறவனுக்குத்தான் பெடல் தெரியும்.

நையாண்டி சொந்தச் சரக்கில்லாதவன் பிழைப்பு, பிறர் எச்சிலில் விருந்து என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். தொல்காப்பியர் அங்கதத்துக்குச் செய்யுளியலில் இடம் கொடுத்து, வெளிப்படையாகச் சொல்வது, மறைத்துச் சொல்வது என்று வகையும் பிரித்திருக்கிறார். அவருக்கு இல்லாத கூச்சம் நமக்கு எதற்கு?

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். ‘தமிழ்ப்படம்’ தொடங்குவதே சினிமாபட்டி என்ற கிராமத்தில்தான். அங்கே ஆண் சிசுக்களைக் கொல்லுகிற வழக்கம். ஒரு குழந்தை மட்டும் தப்பிப் பட்டணம் போகிறது. குழந்தையை வளர்க்கிற கிழவியாக எங்கள் மதுரைப் பக்கத்துப் பரவை முனியம்மாவே நடித்தார். 2020ல் காலமான அந்த அம்மாளின் குரல் இன்னும் காதில் நிற்கிறது. இந்த ஆரம்பம், பாரதிராஜாவின் ‘கருத்தம்மா’வை (1994) நையாண்டி செய்வது. முதல் முறை பார்த்தபோது நானும் சிரித்தேன்.

பிறகொரு நாள் அது டி.வி.யில் வந்தபோது, எங்கள் தெருவிலுள்ள ஓய்வுபெற்ற கிராமச் செவிலியர் அக்கா வீட்டுக்கு வந்திருந்தார். உசிலம்பட்டிப் பக்கம் பல வருஷம் உத்தியோகம் பார்த்தவர். உசிலம்பட்டி எங்களுக்குத் தூர தேசமல்ல. திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம் போல ஆகும். அந்தப் பக்கத்தில் பெண் சிசுக்களுக்கு நேர்ந்ததை 1986ல் ஓர் ஆங்கிலப் பத்திரிகை எழுதி நாடே திடுக்கிட்டது. 1992ல் அரசாங்கம் தொட்டில் குழந்தைத் திட்டம் என்று கொண்டுவந்தது. அக்கா அந்தக் காலத்தில் கர்ப்பிணிகளின் வீட்டுவாசலில் போய்ப் போய் உட்கார்ந்தவர். படத்தில் எல்லோரும் சிரிக்கிற இடத்தில் அவர் சிரிக்கவில்லை. கோபமும் காட்டவில்லை.

“ஆம்பளைப் பிள்ளைன்னு மாத்தினதும் சிரிப்பு வந்திருச்சு பாத்தீகளா தம்பி” என்றார், “இதே மாதிரி பொம்பளைப் பிள்ளைன்னு இருந்தா அழுதிருப்பாக. ரெண்டும் படந்தான். நான் எண்ணினது மட்டும் படமில்லை.”

என்னிடம் பதில் இல்லை. அமுதன் கேலி செய்தது அந்தக் கொடுமையை அல்ல, கொடுமையைக் காட்டுவதற்குச் சினிமா கண்டுபிடித்த மழையையும் இடியையும் ஓலைக் குடிசையையும்தான் என்று நான் வாதாடியிருக்கலாம். அது உண்மையுங்கூட. ஆனால் சிரிக்கிறவனுக்கு அந்த எல்லைக்கோடு தெரிகிறதா? சினிமாவைக் கேலி செய்யப் புறப்பட்டவர், அந்தச் சினிமாவுக்குப் பின்னால் ஒரு வீடு இருந்ததை மறந்துவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த நானும் மறந்துவிட்டேன். அதற்காக அதைத் தடை செய் என்று கொடிபிடிக்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். பெடலைச் சுற்றிக் காட்டிய புத்தி நமக்கு வேண்டும். ஆனால் அந்த இடத்தை நான் குற்றம் என்றே எழுதுவேன், மோதிரமும் டீயும் எழுதியிருக்கிற நோட்டில் அல்ல, வேறொரு நோட்டில்.

இவ்வளவையும் அந்த ஞாயிற்றுக்கிழமை மருமகனிடம் ஏறக்குறைய இதே சூட்டோடு சொல்லி முடித்தேன். பையன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அக்கா சொன்னதைச் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டான். பேட்டி விஷயத்தை நான் எடுத்தது அவனுக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான்:

“மாமா, 2024ல ‘கில்லி’யைத் திரும்ப ரிலீஸ் பண்ணினாகளே, ஞாபகம் இருக்கா?”

இருக்கிறது என்றேன்.

“நாம ரெண்டு பேருந்தான் போனோம். முத்துப்பாண்டி மொதல் ஸீன்ல வந்தப்ப விசில் அடிச்சது யாரு?”

நான் ஒன்றும் பேசவில்லை. பையன் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து, நோட்டைத் திறந்து, 212 என்று இலக்கம் போட்டான். சிவப்பு மைதான். என்ன எழுதினான் என்று எனக்குக் காட்டவில்லை. மறுநாள் காலை ஷிப்டு என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.